டொமினிக்காவின் மின்சாரம்: டீசலா, வெயிலா, நிலத்தடி வெப்பமா?

கிழக்குக் கரீபியக் கடலில், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட குவாடலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் நடுவே டொமினிக்கா என்ற சிறு தீவு நாடு இருக்கிறது. டொமினிக்கன் குடியரசு வேறு, இது வேறு. பரப்பு சுமார் 750 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 70,000 பேர். கடலோரத்தை விட்டு உள்ளே போனால் மலையும் மழைக்காடும்தான். மீண்டும் வெடிக்கக்கூடியவை என்று அறிவியலாளர் கருதும் எரிமலைகள் 9 இருக்கின்றன. 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மோர்ன் த்ருவா பிட்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஓர் ஏரியே கொதித்துக்கொண்டிருக்கிறது. காலடியில் இப்படி அடுப்பு எரியும் நாடு, தன் மின்சாரத்தின் பெரும்பகுதிக்குக் கப்பலில் வரும் டீசலை நம்பியிருந்தது என்பது முதலில் கேட்பவருக்கு வியப்பாக இருக்கும். அந்த வெப்பம் இருப்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. அதைத் தோண்டி எடுக்கும் செலவையும், தோண்டியும் கிடைக்காமல் போனால் வரும் இழப்பையும் தாங்க ஆளில்லை என்பதே நெடுங்காலத் தடையாக இருந்தது.

2017 செப்டம்பர் 18 அன்று மரியா புயல், ஐந்தாம் வகை வலிமையோடு இத்தீவைக் கடந்தது. அந்த ஓர் இரவில் நேர்ந்த சேதமும் இழப்பும் நாட்டின் ஆண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 226 சதவீதம் என்று கணக்கிடப்பட்டது. மின்கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்கள் மாதக்கணக்கில் இருளில் கிடந்தன. அதற்கு முன்பு, நாட்டின் உச்ச மின்தேவை சுமார் 17 மெகாவாட்டாகவும், ஆண்டு உற்பத்தி 11 கோடி யூனிட்டை ஒட்டியும் இருந்தது. ரோசோ பள்ளத்தாக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த லோடா, ட்ரஃபால்கர், பாடு ஆகிய மூன்று புனல்மின் நிலையங்கள் அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத் தந்தன. மீதி முழுவதும் டீசல். இந்த மீதியை எதைக் கொண்டு நிரப்புவது என்பதே டொமினிக்கா எடுக்க வேண்டியிருந்த முடிவு; எரிமலை மேல் அமைந்த பிற சிறு தீவுகளும் இன்று இதே இடத்தில்தான் நிற்கின்றன. நிலத்தடி வெப்பம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் அதிகப் பயனில்லை. துளையிடும் இடரை யார் ஏற்பது, எத்தனை மெகாவாட்டுக்குக் கட்டுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சரியாக அமைந்தால் அதுவே மிகச் சிறந்த வழி. இரண்டில் ஒன்று தவறினாலும் டீசலை விட மோசமான வழி. இந்தக் கட்டுரை வாதிட வருவது இதைத்தான்.

முதலில் டீசல். அதற்குள்ள நற்குணங்களைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. இயந்திரம் ஒவ்வொன்றும் சிறியது. ஒன்று பழுதானால் அடுத்தது ஓடும். உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும். புயல் கடந்த மறுநாளே எண்ணெய் இருந்தால் இயக்கிவிடலாம். ஆனால் மின்கட்டணத்தில் எரிபொருள் மேல்வரி என்று தனியாக ஒரு வரி சேர்ந்து, உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் தையல்கடைக்காரர் வரை எல்லோருடைய பில்லும் ஏறுகிறது. கிழக்குக் கரீபியத் தீவுகளில் யூனிட்டுக்கு 30 முதல் 40 அமெரிக்க சென்ட் வரை கட்டணம் இருந்து வந்ததற்கு முதன்மைக் காரணம் இதுவே. ஓர் எளிய கணக்கு: 10 மெகாவாட் நிலையம் ஆண்டில் 90 சதவீத நேரம் முழுத்திறனில் ஓடினால் ஏறக்குறைய 7.9 கோடி யூனிட் கிடைக்கும். அதே அளவை டீசலில் எடுக்க, லிட்டருக்கு 3.8 யூனிட் என்று கொண்டால், 2 கோடி லிட்டருக்கு மேல் வேண்டும். லிட்டர் 80 சென்ட் என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 1.6 கோடி டாலர் எரிந்து புகையாகிறது. 70,000 பேர் வாழும் நாட்டுக்கு இது சிறு தொகையன்று. அடுத்த ஆண்டும் அதே தொகை வேண்டும், அதற்கடுத்த ஆண்டும் வேண்டும்.

அடுத்தது வெயில். சோலார் தகடுகளின் விலை விழுந்த வேகத்தைப் பார்த்த எவரும் நிலத்தடியைத் தோண்டுவது எதற்கு என்று கேட்பது இயல்பு. உலகச் சராசரியில் ஒரு கிலோவாட் சோலார் அமைக்க ஆயிரம் டாலருக்கும் குறைவாகவே ஆகிறது. புவிவெப்ப நிலையமோ பொதுவாக 4,000 முதல் 5,000 டாலரைத் தொடுகிறது. சிறு தீவில் சிறு நிலையம் என்றால் இன்னும் கூடும். ஆனால் கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒப்பிடுவது தவறான தராசு. மேலே சொன்ன 7.9 கோடி யூனிட்டைச் சோலாரில் எடுக்க, ஆண்டுச் சராசரிப் பயன்திறன் 18 சதவீதம் என்று கொண்டால், 50 மெகாவாட் தகடுகள் வேண்டும். மெகாவாட்டுக்கு ஒரு ஹெக்டேர் என்றால் 50 ஹெக்டேர் நிலம் வேண்டும். டொமினிக்காவில் சமதளம் அரிது. இருக்கும் சமதளத்தில் ஊர் இருக்கிறது, வாழைத்தோட்டம் இருக்கிறது, வடகிழக்கே வெஸ்லியில் கட்டப்படும் புதிய பன்னாட்டு விமான நிலையம் இருக்கிறது. மலைகளின் உட்பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மேகம் விலகும் நாட்கள் குறைவு. மேற்குக் கடற்கரையோரம் மட்டுமே தகடுகளுக்கு ஏற்ற வறண்ட பகுதி.

இரவுக்கு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. சராசரியாக 9 மெகாவாட்டை வெயிலில்லாத 14 மணி நேரத்துக்கு வழங்க 126 மெகாவாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி வேண்டும். தொடர்ந்து நான்கு நாட்கள் மேகமூட்டமாக இருந்தால் அதுவும் போதாமல் டீசல் இயந்திரத்தைத்தான் இயக்க வேண்டிவரும். புயலையும் கணக்கில் கொள்ள வேண்டும். இதே மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவின் உமகாவோவில் ஒரு பெரிய சோலார் பண்ணையின் தகடுகளைப் பிய்த்தெறிந்தது. அதே தீவில், சரியாகப் பொருத்தப்பட்ட சில கூரைத் தகடுகள் அசையாமல் நின்றன. எனவே சோலார் புயலுக்குத் தாங்காது என்று ஒரேயடியாகச் சொல்வது பிழை. பொருத்தும் முறையில் கவனம் செலுத்தினால் தாங்கும். டொமினிக்காவுக்குச் சோலார் மிகவும் தேவை. மருத்துவமனை, பள்ளிக்கூடம், குடிநீர் இறைக்கும் நிலையம் ஆகியவற்றின் கூரைகளில் பேட்டரியோடு அது கட்டாயம் இருக்க வேண்டும். நாட்டின் இரவும் பகலுமான அடிப்படைச் சுமையைத் தூக்கும் வேலையை மட்டும் அதனிடம் ஒப்படைக்க இந்தத் தீவின் நிலமும் வானமும் இடம்கொடுக்கவில்லை. பார்படோஸ், ஆன்டிகுவா போன்ற தட்டையான, வெயில் மிகுந்த தீவுகளுக்கு இதே கணக்கைப் போட்டால் விடை தலைகீழாக வரும். அங்கே தோண்டுவதற்கு எரிமலையும் இல்லை.

இனி நிலத்தடி வெப்பம். தமிழ்நாட்டில் கிணற்றுப் பாசனத்தை நம்பிய எந்தக் குடும்பத்துக்கும் இதன் இடரை விளக்கத் தேவையில்லை. நீரோட்டம் பார்த்து, கடன் வாங்கி, வண்டியை வரவழைத்து, 600 அடி, 800 அடி என்று போர் போட்டு, கடைசியில் புகைதான் வந்தது என்றால் அந்த வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியாது. புவிவெப்பக் கிணறு என்பது அதே சூதாட்டத்தின் பெரிய வடிவம். ஆழம் 1,000 மீட்டரிலிருந்து 2,000 மீட்டருக்கு மேல்; ஒரு கிணற்றுக்கே பல மில்லியன் டாலர்; துளையிடும் இயந்திரமோ கடல் கடந்து வர வேண்டும். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகம் 2013-இல் உலகெங்குமுள்ள புவிவெப்பக் கிணறுகளை ஆராய்ந்தபோது, தேடல் கட்டத்தில் தோண்டியவற்றில் 59 சதவீதம் மட்டுமே வெற்றி பெற்றிருந்தன. இடம் நன்கு தெரிந்த பிறகு தோண்டியவற்றில் வெற்றி விகிதம் வெகுவாக உயர்ந்திருந்தது. ஐம்பது இடங்களில் தோண்டும் பெரிய நிறுவனத்துக்கு இந்தச் சதவீதம் ஆறுதல் தரும். மூன்றே கிணறு தோண்டப் பணமுள்ள ஒரு தீவுக்கு அப்படியில்லை.

தோல்வி எப்படி வரும் என்பதற்கு அருகிலேயே சான்று உண்டு. செயின்ட் வின்சென்ட் தீவில் 10 மெகாவாட் நிலையம் அமைக்கத் திட்டமிட்டு, 2019-இல் லா சூஃப்ரியே எரிமலையின் அடிவாரத்தில் மூன்று கிணறுகள் தோண்டினார்கள். வெப்பம் 200 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஆனால் பாறையில் நீர் ஓடப் போதிய விரிசல் இல்லை. ஊடுருவுத்திறன் என்று நிலவியலாளர் சொல்வது இதைத்தான்: அடுப்பு இருக்கிறது, பாத்திரமும் இருக்கிறது, தண்ணீர் வந்துபோக வழியில்லை. திட்டம் நின்றது. 2021 ஏப்ரலில் அதே எரிமலை வெடித்து வடபகுதி மக்களை ஊரைவிட்டுப் பெயர வைத்தது தனிக்கதை. இத்தனைக்கும் நடுவில் ஒரு நல்ல செய்தி என்னவென்றால், துளையிடும் செலவுக்குக் கரீபிய வளர்ச்சி வங்கி வழியாக நிபந்தனையோடு கூடிய மானியம் கிடைத்திருந்தது. கிணறு வென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், தோற்றால் தர வேண்டியதில்லை என்பதே அந்த நிபந்தனை. அந்த ஓர் ஏற்பாடு இல்லாதிருந்தால், எரிமலைச் சாம்பலைக் கூட்டிப் பெருக்கிய மக்களின் தலையில் தோற்ற கிணறுகளின் கடனும் விழுந்திருக்கும்.

நெவிஸ் தீவு வேறு வழியில் போனது. அங்கே தனியார் நிறுவனம் ஒன்று உரிமம் பெற்று 2008-இல் துளையிட்டு, வெப்பம் இருப்பதை உறுதிப்படுத்தியது. அரசுக்குச் செலவில்லை, இடரில்லை என்று அன்று அது மிகச் சிக்கனமான வழியாகத் தோன்றியிருக்கும். ஆனால் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அங்கே நிலையம் எழவில்லை. சுமார் 12,000 பேர் டீசல் மின்சாரத்துக்கே பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். உரிமத்தை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால், நிலையம் கட்டும் முதலீடு அவரால் திரட்ட முடியாதபோது, பூமிக்கடியில் இருக்கும் சொத்து யாருக்கும் பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் என்பதை இதிலிருந்து நான் படிக்கும் பாடமாகக் கொள்கிறேன். பின்னாளில் நெவிஸும் கரீபிய வளர்ச்சி வங்கியின் நிபந்தனை மானியத்தை நாடியது. மான்செராட்டில் பிரிட்டிஷ் அரசின் பணத்தில் 2013-இல் தோண்டிய இரண்டு கிணறுகளிலும் நல்ல வெப்பம் கிடைத்தது. ஆனால் எரிமலையால் பாதித் தீவை இழந்து சுமார் 5,000 பேராகச் சுருங்கிவிட்ட அந்நாட்டின் மின்தேவை 2 மெகாவாட்டை ஒட்டியதே. அத்தனை சிறிய தேவைக்கு நிலையம் கட்டுவது எந்த முதலீட்டாளருக்கும் எளிதில் கட்டுப்படியாகாது.

டொமினிக்கா எடுத்த வழி இம்மூன்றிலிருந்தும் மாறுபட்டது. ரோசோ பள்ளத்தாக்கின் மேற்பகுதியில், வாட்டன் வேவனிலும் லோடாவிலும், 2011-12-இல் மூன்று தேடல் கிணறுகளை ஐஸ்லாந்து நிறுவனம் ஒன்றைக் கொண்டு அரசு தோண்டியது. ஐரோப்பிய ஒன்றியமும் பிரெஞ்சு வளர்ச்சி முகமையும் அதற்கு உதவின. 200 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் நீரோட்டமும் சேர்ந்தே கிடைத்தன. பிறகு 2013-14-இல் உற்பத்திக் கிணறு ஒன்றும், பயன்படுத்திய நீரை மீண்டும் பூமிக்குள் செலுத்தும் கிணறு ஒன்றும் தோண்டப்பட்டன. 2015-இல் எரிகா புயல், 2017-இல் மரியா என்று இரண்டு பேரிடர்கள் பணியைத் தள்ளிப்போட்டன. 2019-இல் உலக வங்கி சுமார் 2.7 கோடி டாலர் ஒதுக்கியது. ஒப்பிட்டுப் பார்த்தால், மேலே போட்ட கணக்கின்படி அது இரண்டு ஆண்டு டீசல் செலவுக்கும் குறைவு. கடைசியாக 2023 டிசம்பரில்தான், 10 மெகாவாட் நிலையத்தைக் கட்டி 25 ஆண்டுகள் மின்சாரம் விற்க, புவிவெப்ப நிலையங்கள் கட்டும் ஒர்மாட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. வாங்குவது டொம்லெக் என்ற மின்வாரியம். அதன் பெரும்பான்மைப் பங்குகளை 2022-இல் அரசே வாங்கியிருந்தது.

இந்த வரிசைமுறைதான் மற்றத் தீவுகள் பார்க்க வேண்டியது. எங்கு எவ்வளவு ஆவி இருக்கிறது என்று தெரியாதபோது அரசும் நன்கொடை நாடுகளும் இடரை ஏற்றன. தெரிந்த பிறகு, நிலையம் கட்டி இயக்கும் வேலையை அதில் கைதேர்ந்த தனியாரிடம் விட்டார்கள். தெரியாத நிலையில் தனியாரை அழைத்திருந்தால், அவர் தன் இடருக்கான விலையையும் சேர்த்தே யூனிட் விலையைக் கேட்டிருப்பார். ஆவி இருக்கிறது என்ற சான்றைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசும் அரசும், இருக்கும் என்ற நம்பிக்கையோடு பேரம் பேசும் அரசும் ஒரே விலையைப் பெற முடியாது. இதற்கு விலையாக டொமினிக்கா கொடுத்தது காலம். முதல் கிணற்றிலிருந்து ஒப்பந்தம் வரை 12 ஆண்டுகள் போயின. அந்த ஆண்டுகளில் எரிந்த டீசலின் கணக்கையும் நேர்மையாகச் சேர்த்தே இந்த வழியை எடைபோட வேண்டும். அப்படிச் சேர்த்த பிறகும், 2008-லேயே தொடங்கிய நெவிஸை விட டொமினிக்கா முன்னே நிற்கிறது.

அளவு பற்றிய கேள்விக்கு வருவோம். தொடக்கத்தில் டொமினிக்காவில் பேசப்பட்டது 10 மெகாவாட் அல்ல. 100 மெகாவாட் அளவில் நிலையம் கட்டி, கடலடிக் கம்பிவடம் வழியாகக் குவாடலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் மின்சாரம் விற்கலாம் என்பதே பெரிய கனவு. தலைக்கு இவ்வளவு ஏற்றுமதி வருமானம் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் வாங்குவோர் இரண்டே பேர். இருவருமே பிரான்ஸின் மின்கொள்கைக்குக் கட்டுப்பட்டவர்கள். இடையில் இருப்பது ஆழமான நீரிணை. அதோடு, பத்துப் பன்னிரண்டு கிணறுகள் ஒரே சமயத்தில் வெற்றிபெற வேண்டும். பக்கத்துக் குவாடலூப்பிலேயே, பெயரே ‘கொதிக்கும்’ என்று பொருள்படும் புயான்ட் ஊரில், 1980-களில் 4-5 மெகாவாட்டோடு தொடங்கிய நிலையம் இரண்டாவது அலகைப் பெற 2000-களின் நடுப்பகுதி வரை காத்திருந்தது. இரண்டும் சேர்ந்தே சுமார் 15 மெகாவாட்தான். நிலத்தடி வெந்நீர்த் தேக்கம் எத்தனை ஆண்டு எவ்வளவு தாங்கும் என்பது அதைச் சில ஆண்டு இயக்கிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு முன் நூறு மெகாவாட்டுக்குக் கடன் வாங்குவது, ஒரு மழையைப் பார்த்துவிட்டு மூன்று போகத்துக்கு நாற்று விடுவது போன்றது. எனவே உள்நாட்டுத் தேவைக்கு மட்டும் போதுமான சிறு நிலையம் முதலில் என்ற முடிவு, கனவைக் கைவிட்டதாகத் தோன்றினாலும், சரியான முடிவு.

சிறிய அளவுக்கும் தனித் தொல்லைகள் உண்டு. உச்சத்தேவை 17 மெகாவாட்டுள்ள கட்டமைப்பில் 10 மெகாவாட் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்றால், அந்த நிலையம் திடீரென நின்றால் தீவு முழுவதும் இருண்டுவிடும். இதைத் தடுக்க, நொடியில் கைகொடுக்கும் பேட்டரியும், உடனே இயக்கத் தயாராக டீசல் இயந்திரங்களும் வேண்டும். டீசல் நிலையங்களை விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்கக் கூடாது. நள்ளிரவில் தேவை குறையும்போது, மழைக்காலத்தில் புனல்மின் நிலையங்களும் முழுத்திறனில் ஓடும்போது, வெப்ப நிலையத்தையோ நீரையோ ஒன்றைக் குறைக்க வேண்டிவரும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் தர வேண்டும் என்பது இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமான ஒரு பிரிவு. அது எந்த அளவுக்கு என்று பொதுமக்கள் படித்துப் பார்க்க முடிந்தால் மட்டுமே, டீசல் மேல்வரி இறங்கியதன் பயன் அவர்களுடைய பில்லில் தெரிகிறதா என்று கேட்க முடியும். டாலரில் கடன் வாங்குவதால் வரும் அச்சம் மட்டும் இங்கே குறைவு. கிழக்குக் கரீபிய டாலர் 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற விகிதத்தில் நிலையாக இருக்கிறது.

இயங்கும் முறையைப் பொறுத்தவரை, இங்கே தேர்ந்தெடுத்தது இருசுழற்சி முறை. சூடான உப்புநீர் தன் வெப்பத்தைக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் வேறொரு திரவத்துக்குக் கொடுத்துவிட்டு, முழுவதும் பூமிக்குள் திரும்பிப் போகிறது; அந்தத் திரவத்தின் ஆவியே டர்பைனைச் சுழற்றுகிறது. நேரடியாக ஆவியைப் பயன்படுத்தும் முறையை விட விளைவது சற்றுக் குறைவு. ஆனால் கந்தக வாயு காற்றில் கலப்பதும், கழிவுநீர் ஆற்றில் கலப்பதும் பெருமளவு தவிர்க்கப்படுகின்றன. லோடாவில் வீடுகள் அருகிலேயே இருக்கின்றன, வாட்டன் வேவனில் கந்தக வெந்நீர்க் குளங்களை நம்பிப் பலர் பிழைக்கிறார்கள், பக்கத்தில் உலகப் பாரம்பரியப் பூங்கா இருக்கிறது. இத்தனையையும் பார்க்கும்போது சில சதவீத உற்பத்தியை விட்டுக்கொடுத்தது நியாயமே. வெந்நீர் ஊற்றுகளின் சூடும் நீர்வரத்தும் மாறுகின்றனவா என்பதை ஆண்டுதோறும் அளந்து, அந்த ஊர்க்காரர்களிடமே கொடுப்பதை ஒப்பந்தத்தின் பகுதியாக்க வேண்டும். அவர்கள்தான் முதலில் இழக்கப்போகிறவர்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. மூன்று புனல்மின் நிலையங்களும் ரோசோ பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. புதிய வெப்ப நிலையமும் அதே பள்ளத்தாக்கின் தலைமாட்டில். ஒரே நிலச்சரிவு, ஒரே பெருவெள்ளம் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதியைத் துண்டிக்கக்கூடும். கிணறு பூமிக்குள் பத்திரமாக இருக்கலாம். அதிலிருந்து ஊருக்கு வரும் கம்பி கம்பத்தில்தான் வருகிறது, மரியா சாய்த்தது கம்பங்களைத்தான். ஆகவே 10 மெகாவாட் நிலையத்துக்குப் பிறகு அடுத்து வரும் முதலீடு இரண்டாவது வெப்ப நிலையத்துக்குப் போவதை நான் விரும்பவில்லை. வடமேற்கே போர்ட்ஸ்மவுத் பக்கம், சுகர் லோஃப் டீசல் நிலையத்தையொட்டி, புயலைத் தாங்கும்படி பொருத்திய சோலார் தகடுகளும் பேட்டரியும் முதலில் வர வேண்டும். லோடாவிலிருந்து தலைநகர் ரோசோவுக்கும் வடக்கே போர்ட்ஸ்மவுத்துக்கும் போகும் உயரழுத்தக் கம்பிகளில் நிலச்சரிவுக்கு இலக்காகும் பகுதிகளையேனும் நிலத்துக்கடியில் பதிக்க வேண்டும். தெற்கே பள்ளத்தாக்கு துண்டிக்கப்பட்டாலும் வடக்கில் மருத்துவமனை விளக்கு எரிய வேண்டும் என்றால் அதற்கு வேறு வழியில்லை. வெஸ்லி விமான நிலையம் திறந்து தேவை உயர்ந்த பிறகு, முதல் கிணறுகள் மூன்று நான்கு ஆண்டு ஓடிய அழுத்தக் கணக்குகள் கையில் இருக்கும். இரண்டாவது நிலையம் பற்றி அன்று பேசினால், கேள்விப்பட்டதை வைத்துப் பேசாமல், அளந்ததை வைத்துப் பேச முடியும்.